தத்துவ வகுப்பில் கிடைத்த சர்க்யூட்

இன்ஜினியரிங் கல்லூரிகளின் டிஜிட்டல் லேபில் ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிடுகிற ஒரு பரிசோதனை உண்டு: டி மார்கன் தேற்றத்தைச் சரிபார்த்தல். ட்ரெயினர் கிட்டில் நேண்ட் கேட்டுகள் அடங்கிய, பதினான்கு கால் கொண்ட 7400 ஐ.சி.யைச் செருகி, ஒயரை மாற்றி மாற்றிக் குத்தி, எல்.இ.டி. எரிகிறதா அணைகிறதா என்று பார்த்து, அப்சர்வேஷன் நோட்டில் நான்கு வரிசை ட்ரூத் டேபிள் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்.இ.டி.யைப் பார்க்காமலே டேபிளை எழுதிவிடுகிறவர்களும் உண்டு. விடைதான் முன்கூட்டியே தெரியுமே!

அந்த நோட்டில் இருக்கும் டி மார்கன், பூல், ட்ரூத் டேபிள், நேண்ட் எல்லாமே மின்சாரத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் பிறந்தவை. தர்க்கம் என்று தத்துவத் துறையில் ஒரு பாடம் உண்டல்லவா, அங்கே. அவை அங்கிருந்து லேபுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் கதை. இதைச் சொல்ல எனக்கு ஒரு உள்நோக்கமும் உண்டு. தத்துவம் படித்தால் என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்குக் கல்லூரி விளம்பரங்கள் தருகிற பதில், சிந்தனைத் திறன் வளரும், ஆளுமை மலரும் என்பது, எனக்கு ஒருபோதும் ருசித்ததில்லை. அதையேதான் அபாகஸ் வகுப்பும் சொல்கிறது, கராத்தே வகுப்பும் சொல்கிறது. தத்துவம் கையில் எடுத்துக் கொடுத்த ஒரு பொருளைக் காட்டு என்று ஒருவர் கேட்டால் எதைக் காட்டுவது? நான் அந்த 7400ஐக் காட்டுவேன்.

ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில், மருத்துவம் படிக்கப் போகிறவனும் சட்டம் படிக்கப் போகிறவனும் பாதிரியாராகப் போகிறவனும் முதலில் உட்கார வேண்டிய வகுப்புகள் மூன்று: இலக்கணம், சொல்லாட்சி, தர்க்கம். தர்க்கம் என்றால் அரிஸ்டாட்டில். எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர் என்கிற வகை. சாக்ரடீஸை எடுத்துவிட்டு ராமசாமியைப் போட்டாலும் வாதம் நிற்கும். எல்லா மாடும் பால் தரும், இந்தக் காளை ஒரு மாடு, ஆகவே இந்தக் காளை பால் தரும் என்றால் முடிவு அபத்தம்தான். ஆனாலும் வாதத்தின் அமைப்பில் பழுதில்லை, பழுது முதல் வாக்கியத்தில் இருக்கிறது. சரக்கை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் சோதித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம்தான் பின்னால் வரும் அத்தனைக்கும் முதலீடு.

அந்த முதலீடு இரண்டாயிரம் வருஷம் பெரிதாக வட்டி எதுவும் ஈட்டவில்லை. அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு தர்க்கம் ஓரடிகூட முன்னால் நகரவில்லை, அது முடிந்துபோன சாஸ்திரம் என்கிற பொருளில் 1787ல் கான்ட் எழுதினார். லைப்னிட்ஸ் மட்டும் ஒரு கனவு கண்டிருந்தார். வாதங்களைக் குறியீடுகளாக்கிவிட்டால், சச்சரவு செய்கிற இருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டே யார் சரி என்று தீர்த்துக்கொள்ளலாம் என்று. அவர் 1716ல் காலமானார். கனவு அப்படியே நின்றது.

அதைக் கிளப்பிவிட்டது, சொன்னால் சிரிப்பு வரும், ஒரு பேராசிரியர் சண்டை.

ஒரு பக்கம் எடின்பரோவின் தர்க்கப் பேராசிரியர் சர் வில்லியம் ஹாமில்டன். கணிதம் படிப்பதால் மூளைக்கு நல்லதில்லை என்கிற ரீதியில் 1836ல் நீண்ட கட்டுரை எழுதியவர். மறுபக்கம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் ஊர் மதுரை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கண்ணில் பார்வை போயிற்று. ஏழு மாதத்தில் இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனவே வைகையைப் பற்றி அவரிடம் நினைவு எதுவும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் லேபில் அவர் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்லலாம்.

சண்டை, ‘எல்லா மனிதரும் இறப்பவர்’ என்ற வாக்கியத்தின் பயனிலைக்கும் ‘எல்லா’, ‘சில’ என்று அளவு போடலாமா என்பது பற்றி. என் யோசனையைத் திருடிவிட்டார் என்று ஹாமில்டன் குற்றம் சாட்ட, டி மார்கன் மறுக்க, அச்சில் மாற்றி மாற்றி நடந்தது. இன்று அதில் யாருக்கும் அக்கறையில்லை. டி மார்கன் பெயரில் நிலைத்தது வேறொன்று. ‘மழை பெய்தாலோ கரண்ட் போனாலோ கூத்து கிடையாது’ என்றால், கூத்து நடக்க மழையும் பெய்யக் கூடாது, கரண்ட்டும் போகக் கூடாது. ‘அல்லது’வை மறுத்தால் ‘உம்’ ஆகிவிடும், ‘உம்’மை மறுத்தால் ‘அல்லது’ ஆகிவிடும். சொற்களில் இதை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்கமின் வில்லியம் போன்றவர்கள் சொல்லியிருந்தார்கள். டி மார்கன் அதற்கு வடிவம் கொடுத்தார். மனிதர் கொள்கைப் பிடிப்புள்ளவரும்கூட. மதக் காரணம் காட்டி ஒருவருக்குத் தர்க்க, மனத்தத்துவப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டபோது, அதைக் கண்டித்து 1866ல் தன் வேலையையே விட்டுவிட்டார்.

இந்தச் சண்டையைத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் லிங்கன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன், 1815ல் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வீட்டில் காசில்லாததால் பதினாறு வயதில் டான்காஸ்டரில் உதவி ஆசிரியர் வேலைக்குப் போனார். அங்கே ஒருநாள் வயல்வழியே நடந்து போகும்போது, தர்க்கத்தைக் குறியீட்டில் எழுதிவிடலாமே என்ற எண்ணம் பளிச்சென்று வந்ததாம். அதை மனத்தின் மூலையில் போட்டுவைத்திருந்தார். பேராசிரியர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்ததும் மறுபடி எடுத்து, 1847ல் நூறு பக்கம்கூட வராத ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். தத்துவக்காரர்கள் தர்க்கத்தைத் தங்கள் வீட்டுச் சொத்தாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது உண்மையில் கணிதத்தின் பக்கம் சேர வேண்டியது என்று அதில் ஹாமில்டனுக்கும் ஒரு இடி.

பட்டம் இல்லாத இந்த மனிதருக்கு 1849ல் அயர்லாந்தின் கார்க் நகரில் புதிதாகத் திறந்த குயின்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1854ல் பெரிய புத்தகம், சிந்தனையின் விதிகள் பற்றியது, வெளிவந்தது. அதன் உயிர்நாடி ஒரே ஒரு சமன்பாடு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வெள்ளைப் பொருள்கள் எல்லாவற்றையும் x என்று வைத்துக்கொள்வோம். ஆடுகள் எல்லாவற்றையும் y என்போம். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால், xy, வெள்ளை ஆடுகள். உலகத்திலுள்ள பொருள்களிலிருந்து முதலில் ஆடுகளைப் பொறுக்கி, அதிலிருந்து வெள்ளையைப் பொறுக்குவது. வரிசையை மாற்றிப் பொறுக்கினாலும் கிடைப்பது அதே ஆடுகள். பெருக்கலில் 3×5ம் 5×3ம் ஒன்றாக இருப்பது போலவே. சரி, வெள்ளைப் பொருள்களைப் பொறுக்கிவிட்டு, அதிலிருந்து மறுபடி வெள்ளையைப் பொறுக்கினால்? எதுவும் குறையாது, கூடாது. ஆக, xx என்பது x. பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் இது எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் அதே எண் வரும்? இரண்டே இரண்டு எண்கள்: 0, 1. அப்படியானால் தர்க்கம் என்பது 0, 1 தவிர வேறு எண்ணே இல்லாத ஒரு அல்ஜீப்ரா. 0 என்றால் எதுவுமில்லை, 1 என்றால் எல்லாமும். ஒரு பொருள் ஒரே நேரத்தில் வெள்ளையாகவும் வெள்ளையல்லாததாகவும் இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் அடித்தளமாக வைத்த முரண் விதி, பூலின் கையில் அந்தச் சமன்பாட்டிலிருந்து இரண்டு வரியில் விழுந்துவிடுகிறது.

1864ல் வீட்டிலிருந்து கல்லூரிக்கு மூன்று மைல் கொட்டும் மழையில் நடந்துபோய், ஈரத் துணியோடு பாடம் நடத்தி, காய்ச்சலில் படுத்து, டிசம்பர் 8ல் இறந்துபோனார். 49 வயது. மனைவி மேரி, எது நோயைக் கொடுத்ததோ அதுவே தீர்க்கும் என்று நம்பி ஈரப் போர்வையில் சுற்றிப் படுக்கவைத்தார் என்றொரு கதை உண்டு. மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள். இந்திய நில அளவைக்காகப் பல ஆண்டுகள் இங்கே இருந்த பெரியப்பா வழியாக இந்தியத் தர்க்கம் பூலுக்கும் டி மார்கனுக்கும் எட்டியது என்று 1901ல் மேரி எழுதினார். நமக்குக் கேட்க இனிக்கும். ஆனால் பூலின் புத்தகத்தில் ஆட்சி செய்வது அரிஸ்டாட்டிலும் அல்ஜீப்ராவும்தான். குடும்பப் பாசத்துக்கு உரிய கழிவு போட்டுத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

பூலுக்குப் பிறகு இந்த அல்ஜீப்ரா முழுக்கத் தத்துவ, கணித வகுப்புகளிலேயே வளர்ந்தது. மான்செஸ்டரில் தர்க்கம் கற்பித்த ஜெவன்ஸ் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார். பூலின் கூட்டலில் இரு தரப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும், கலக்கக் கூடாது. ஜெவன்ஸ், x உடன் x ஐக் கூட்டினாலும் x தான் என்றார். பூல் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று லேபில் 1+1=1 என்று பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்களே, அது பூல் மறுத்ததும் ஜெவன்ஸ் நிலைநாட்டியதும். ஜெவன்ஸ் அதோடு நிற்காமல், பியானோ போலக் கட்டைகள் வைத்த ஒரு இயந்திரத்தைச் செய்து 1870ல் ராயல் சொசைட்டியில் காட்டினார். வாக்கியங்களைக் கட்டையில் அழுத்தினால் முரண்பட்ட சேர்க்கைகள் மறைந்து, மிச்சமிருக்கும் முடிவுகள் முகப்பில் தெரியும். மரமும் கம்பியும் நெம்புகோலும்தான், மின்சாரம் கிடையாது.

மின்சாரத்தைச் சொன்னவர் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பியர்ஸ். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவரிடம் தர்க்கம் படித்த ஆலன் மார்க்வாண்ட், ஜெவன்ஸைப் பின்பற்றி ஒரு தர்க்க இயந்திரம் செய்திருந்தார். 1886 டிசம்பர் 30 அன்று அவருக்கு பியர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். இதற்கு மின்சாரம்தான் நல்ல வழி என்று சொல்லி, இரண்டு படங்கள் போட்டார். சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோத்தால் எல்லாம் மூடியிருந்தால்தான் கரண்ட் ஓடும், அது ‘உம்’. பக்கவாட்டில் இணையாகக் கோத்தால் ஏதாவது ஒன்று மூடினால் போதும், அது ‘அல்லது’. இன்றைய ஆண்ட் கேட்டும் ஆர் கேட்டும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன.

பலன்? பூஜ்யம். பியர்ஸுக்கு அப்போது பல்கலைக்கழக வேலை இல்லை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவரை 1884லேயே அனுப்பிவிட்டது. மார்க்வாண்ட் அதற்குள் பிரின்ஸ்டனில் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆகிவிட்டார். கடிதம் அவருடைய காகிதக் கட்டில் போய்ச் சேர்ந்தது. பியர்ஸ் 1914ல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் வறுமையில் இறந்தார். யோசனை தத்துவக்காரரிடம் இருந்தது, அதை வாங்கிக்கொள்ள ஒரு மின்பொறியாளர் அக்கம்பக்கத்தில் இல்லை.

வாங்கிக்கொள்ளத் தேவையும் அப்போது வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேவையைக் கொண்டுவந்தது டெலிபோன். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற, சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்த ஒருவர், ஆபரேட்டர் இல்லாமலே இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891ல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் எக்ஸ்சேஞ்சுகளில் ரிலேக்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அவ்வளவுதான். ஒரு சுருளில் கரண்ட் போனால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், தகடு இன்னொரு சர்க்யூட்டை மூடும் அல்லது திறக்கும். டக், டக். இப்படி ஒன்றை ஒன்று இயக்கும் நூறு ரிலேக்களைக் கோப்பதற்குப் பொறியாளர்களிடம் பொது முறை எதுவும் இல்லை. அனுபவம், கைராசி, பழைய வரைபடம், போட்டுப் பார்த்துத் திருத்துவது.

இனி கிளாட் ஷானன். 1916ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, கேலார்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். வேலியில் இருந்த முள்கம்பியையே தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்குச் செய்தி அனுப்பிய பிள்ளை. 1932ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மின்பொறியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் வாங்கினார். நடுவே ஒரு தத்துவ வகுப்பும் எடுத்தார். அதில்தான் குறியீட்டுத் தர்க்கமும் பூலின் 0, 1 அல்ஜீப்ராவும் பாடம். அந்தப் பருவத்தில் அது அவருக்கு எதற்கும் பயன்படவில்லை. படித்தார், போட்டுவைத்தார்.

1936ல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த ஒரு வேலை அறிவிப்பைப் பார்த்து எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே வன்னெவர் புஷ் கட்டியிருந்த ஒரு ராட்சதக் கணக்கீட்டு இயந்திரத்தைப் பராமரிப்பது வேலை. அறை முழுக்கத் தண்டுகளும் பற்சக்கரங்களும் சுழலும் தட்டுகளும். அதைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள். எல்லோரும் பற்சக்கரத்தைப் பார்த்து வியந்தபோது ஷானன் ரிலேப் பெட்டியைப் பார்த்தார். ஒரு சுவிட்ச் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், மூன்றாவது நிலை இல்லை. வரிசையாகக் கோத்தால் ஒரு உறவு, இணையாகக் கோத்தால் இன்னொரு உறவு. இதைத்தானே அந்த வகுப்பில் கரும்பலகையில் எழுதினார்கள்! 1937 கோடையை நியூயார்க்கில் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் கழித்தார், ரிலேக்களின் தலைநகரம் அது. அந்த ஆகஸ்டில் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது வயது 21. 1938ல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் இதழில் அதன் சுருக்கம் வெளிவந்தது.

ஆய்வேடு என்ன செய்தது என்று பார்க்க ஒரு வங்கி லாக்கரை எடுத்துக்கொள்ளலாம். மேலாளர் சாவியும் காசாளர் சாவியும் சேர்ந்தால் திறக்க வேண்டும், அல்லது மேலாளர் சாவியும் துணை மேலாளர் சாவியும் சேர்ந்தாலும் திறக்க வேண்டும். சொன்னபடியே ஒயரிங் செய்தால் நான்கு தொடர்புகள் வேண்டும், மேலாளருக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. மேலாளர் m, காசாளர் k, துணை மேலாளர் t என்று எழுதுங்கள்: mk+mt. பத்தாம் வகுப்பில் பொதுவான காரணியை வெளியே எடுப்போமே, அதேபோல m(k+t). இப்போது மூன்று தொடர்பு போதும். காகிதத்தில் ஒரு எழுத்தை அழித்தோம், பெட்டியில் ஒரு சுவிட்ச் மிச்சமாயிற்று. இது சின்ன உதாரணம். ஐந்நூறு ரிலே உள்ள எக்ஸ்சேஞ்சில் இதே வேலையைச் செய்தால் செலவு எவ்வளவு குறையும் என்பது பெல் நிறுவனத்தின் கணக்கர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைவிடப் பெரியது, சர்க்யூட் சரியாக வேலை செய்யுமா என்பதைக் கட்டிப் பார்க்காமலே காகிதத்தில் நிரூபிக்கலாம் என்பது.

ஷானன் எழுதிய முறை இன்றைய பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர் என்பது ஒரு சுவாரசியம். கரண்ட்டுக்கு உள்ள தடையை அவர் கணக்கிட்டார், அதனால் மூடிய சுவிட்ச் 0, திறந்த சுவிட்ச் 1. வரிசைக் கோப்பு கூட்டல், இணைக்கோப்பு பெருக்கல். டி மார்கன் விதிப்படி உள்ளும் புறமும் திருப்பிக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆய்வேட்டின் கடைசிப் பகுதியில் மாதிரிகள் போட்டுக் காட்டினார். ஐந்து பொத்தான் கொண்ட மின்பூட்டு, சரியான வரிசையில் அழுத்தினால் திறக்கும், தப்பாக அழுத்தினால் மணி அலறும். கூடவே, 0, 1 எண்முறையில் இரண்டு எண்களைக் கூட்டும் ரிலே சர்க்யூட். சிந்தனையின் விதிகள் என்று பூல் எழுதிவைத்தது, கம்பிச் சுருளும் தகடுமாகக் கூட்டல் போட ஆரம்பித்தது.

இரண்டு துறையையும் ஒரே நேரத்தில் அறிந்த ஆள் அப்போது வேறு யாரும் இல்லாமல் போனது தற்செயல், அவ்வளவுதான் என்று ஷானன் பிற்காலத்தில் சொன்னார். அடக்கம் பாராட்டத்தக்கது, ஆனால் முழுக்கச் சரியில்லை. டோக்கியோவில் என்.இ.சி. நிறுவனப் பொறியாளர் அகிரா நகாஷிமா, ரிலே சர்க்யூட்டுகளின் விதிகளைத் தானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து 1930களின் நடுவிலேயே கட்டுரைகளாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். தான் கட்டிக்கொண்டிருப்பது பூலின் அல்ஜீப்ரா என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. மாஸ்கோவில் விக்தர் ஷெஸ்தகோவ் 1935 வாக்கிலேயே அந்த இணைப்பைக் கண்டிருந்தார், அச்சேறியது 1941ல்.

ஆகவே தத்துவ வகுப்பு இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே வந்திருக்காது என்று யாராவது மார்தட்டினால் நான் கூட நிற்க மாட்டேன். வந்திருக்கும். நகாஷிமாவின் பக்கத்திலிருந்து வந்திருக்கும். தத்துவ வகுப்பு ஷானனுக்குக் கொடுத்தது வேறு: உழைப்பு மிச்சம். பூல் முதல் ஜெவன்ஸ், பியர்ஸ் வழியாக எண்பது வருஷம் சலித்துச் சலித்துச் சுத்தமாக்கிய சூத்திரங்கள் மொத்தமாக அவர் கையில் இருந்தன. நகாஷிமா கல்லைக் கொத்திக்கொண்டிருந்த இடத்தில் இவருக்குத் தார்ச்சாலை. ஒரு படிப்பின் நடைமுறைப் பயன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். இன்னொருவர் ஏற்கெனவே உட்கார்ந்து யோசித்துத் தீர்த்துவைத்திருக்கிற ஒன்றை அடையாளம் கண்டுகொள்வது. அதற்கு அந்த வகுப்பில் ஒரு பருவம் உட்கார்ந்திருக்க வேண்டும், தத்துவவாதி ஆக வேண்டியதில்லை.

நேண்ட் சமாச்சாரமும் இதே தினுசுதான். ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ மூன்றும் தனித்தனியாக வேண்டியதில்லை, நேண்ட் (‘உம்’மின் மறுப்பு) அல்லது நார் (‘அல்லது’வின் மறுப்பு) என்ற ஒரே ஒரு செயலை வைத்தே எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்று 1913ல் நிறுவினார் ஹென்றி ஷெஃபர். ஹார்வர்டில் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அங்கேயே தத்துவம் கற்பித்தவர். பியர்ஸ் அதையும் 1880 வாக்கிலேயே கண்டு, வெளியிடாமல் வைத்திருந்தார், அவர் ராசி அப்படி. தத்துவக்காரர்களுக்கு இது சிக்கனத்தின் அழகு. தொழிற்சாலைக்கு இது ஒரே வகைச் சில்லைச் செய்து குவித்தால் போதும் என்ற உத்தரவாதம். 1969ல் நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தின் கம்ப்யூட்டரில் தர்க்க வேலைக்கு இருந்த சுமார் 2,800 சில்லுகளும் ஒரே ரகம். ஒவ்வொன்றிலும் இரண்டு நார் கேட், வேறெதுவும் இல்லை. இரண்டு உள்ளீட்டுச் செயல்களில் நேண்ட்டுக்கும் நாருக்கும் மட்டுமே தனியாக எல்லாவற்றையும் கட்டும் அந்தச் சக்தி உண்டு.

நம் ஊரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் தத்துவத் துறை உண்டு. பி.ஏ. தத்துவத்தில் தர்க்கம் ஒரு தாள். அங்கே ட்ரூத் டேபிளில் டி, எஃப் என்று எழுதுவார்கள், இன்ஜினியரிங் கல்லூரியில் 1, 0 என்று எழுதுவார்கள். டேபிள் ஒன்றுதான். பொறியியல் மாணவன் தத்துவத் துறையில் ஒரு பருவம் தர்க்கம் படித்துவிட்டு வருவதற்கும், தத்துவ மாணவி லேபில் வந்து 7400ஐச் செருகிப் பார்ப்பதற்கும் நம் பாடத்திட்டங்கள் வழி விடுவது அபூர்வம். இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைக்கக் காசு அதிகம் ஆகாது.

மிச்சிகனில் வழி இருந்தது, ஒரு முறை அல்ல. ஷானன் போன சில ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் ஆர்தர் பர்க்ஸ் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், 1941ல். யுத்தக் காலம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் ராணுவத் தேவைக்காக நடந்த எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சியில் சேர்ந்தார், அங்கேயே தங்கிவிட்டார். சுமார் 18,000 வால்வுகள் கொண்ட எனியாக் கம்ப்யூட்டரின் வடிவமைப்பாளர்களில் ஒருவரானார், அதன் பெருக்கல் பகுதியில் அவர் பங்கு பெரிது. 1946ல் வான் நாய்மன், கோல்ட்ஸ்டைன் இருவருடன் சேர்ந்து, மின்னணுக் கணிப்பொறியின் தர்க்க வடிவமைப்பு பற்றிய அறிக்கையை எழுதினார். பின்னால் வந்த கம்ப்யூட்டர்கள் பலவும் அதைப் பார்த்துத்தான் கட்டப்பட்டன. அதை முடித்த கையோடு அதே ஆண்டு மிச்சிகனுக்குத் திரும்பி, தத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து பாடம் நடத்தப் போய்விட்டார்.

எனியாக்கின் சில பலகைகளைப் பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். ஆனால் அவருடைய சொந்த ஆராய்ச்சி பியர்ஸ். பியர்ஸ் எழுத்துகளின் ஏழாம், எட்டாம் தொகுதிகளைப் பதிப்பித்து 1958ல் வெளியிட்டார். பியர்ஸின் கணித எழுத்துகள் தனித் தொகுதிகளாக வந்தபோது, 1978ல் ஒரு கணித இதழில் அதற்கு மதிப்புரை எழுதினார். 1886ல் மார்க்வாண்டுக்குப் போன அந்தக் கடிதத்தையும் அதில் எடுத்துக் காட்டினார். மதிப்புரை வந்த அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் 8086 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள்.